வாளியில்லாத காண்டா

குளுவாங் நகரை ஒட்டி நிற்கும் லம்பாக் மலையின் உயரம் 510 மீட்டர்தான். ஆனால் ஏறத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தொடை கனக்க வைக்கும் செங்குத்து. விடுமுறை நாட்களில் விடிந்தும் விடியாத பொழுதிலேயே அடிவாரத்தில் காரை நிறுத்த இடம் இருக்காது. 2025 ஜனவரியில் ஜொகூர் மாநிலம் வெள்ளி, சனி விடுமுறையைக் கைவிட்டு மறுபடி சனி, ஞாயிறுக்குத் திரும்பியபோது இந்தக் கூட்டமும் ஒருநாள் தள்ளிப்போனது, குறையவில்லை. இப்போது அதற்குள் ஒரு புதுச் சட்டை தென்படுகிறது. கறுப்பு நிறம், கை கிடையாது. மார்பிலும் முதுகிலும் சின்னச் சின்னப் பைகள், அவற்றுக்குள் இரும்புத் தூளோ இரும்புப் பட்டைகளோ. பக்கவாட்டில் இறுக்கிக்கொள்ள ஒட்டுப்பட்டை. மூன்று கிலோவில் தொடங்கி இருபது கிலோ வரை இணையக் கடைகளில் கிடைக்கிறது.

பார்வைக்குக் குண்டு துளைக்காத சட்டையின் ஜாடை. அந்த ஜாடை தற்செயலானது அல்ல. 2005இல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட அமெரிக்கக் கடற்படை அதிகாரி மைக்கேல் மர்பியின் நினைவாக, ஒன்பது கிலோ சட்டையோடு ஒரு மைல் ஓடி, 100 முறை கம்பியில் தொங்கி எழும்பி, 200 தண்டால், 300 பஸ்கி எடுத்து, மறுபடி ஒரு மைல் ஓடும் பயிற்சி ஒன்று உடற்பயிற்சிக் கூடங்களில் சடங்காகவே நிலைபெற்றுவிட்டது. ஆனால் லம்பாக்கில் நான் அதிகம் காண்பது வீர விளையாட்டுக்காரர்களை அல்ல, ஐம்பதை ஒட்டிய பெண்களை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயும், சுமை சுமந்தால் தேயாது என்று கைபேசியில் யாரோ ஒரு பெண் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு வாங்கியவர்கள் இவர்கள். அவர்களில் நானும் ஒருத்தி என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். எங்கள் தாய்மார்கள் சம்பளத்துக்குச் சுமந்தார்கள். நாங்கள் நூற்றுச் சொச்சம் வெள்ளி கொடுத்துச் சுமக்கிறோம்.

இதைக் கிண்டலாகச் சொல்லி நகர்ந்துவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு இதில் வேறொரு கேள்வி இருக்கிறது. அதே கிலோ, அதே தோள். ஒருத்திக்கு மருந்து, இன்னொருத்திக்கு நோய் என்றால், வித்தியாசம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

முதலில் சட்டையின் கணக்கைப் பார்த்துவிடலாம். உடல் எடையைக் குறைக்கவும் பலர் இதை வாங்குகிறார்கள். சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 54.4 சதவீதத்தினர் அளவுக்கு மீறிய எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். 15.6 சதவீதத்தினருக்கு நீரிழிவு. ஆகவே ஆசை நியாயமானது. ஆனால் அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் முக்கால் மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 160 கலோரி. ஆறு கிலோ சட்டையோடு அதே வேகத்தில் நடந்தால் செலவும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் கூடும். அதாவது பதினாறு கலோரி. மலை இறங்கி வந்ததும் அடிவாரக் கடையில் எல்லாரும் கேட்கும் தே தாரிக்கில் விழும் கெட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டி என்றாலே அறுபது கலோரிக்கு மேல். இந்தக் கணக்கோடு எடைக்குறைப்பு ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் சுவீடனிலிருந்து ஒரு விசித்திரமான செய்தி உண்டு. கோத்தன்பர்க் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2018இல் எலிகளுக்குள் எடை வில்லைகளைப் பொருத்திப் பார்த்தது. சுமை கூடிய எலிகள் குறைவாகத் தின்றன, மெலிந்தன. எலும்புக்குள் இருக்கும் செல்கள் உடம்பின் எடையை உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன என்பது அவர்கள் கருதுகோள். 2020இல் மனிதர்களிடமும் அதைச் சோதித்தார்கள். உடல் எடையில் 11 சதவீதச் சட்டையை ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம் என மூன்று வாரம் அணிந்தவர்களுக்குச் சுமார் ஒன்றரை கிலோ குறைந்தது. ஒரு சதவீதச் சட்டை அணிந்தவர்களுக்கு அநேகமாக ஒன்றும் ஆகவில்லை. சோதனையை முடித்தவர்கள் எழுபது பேர்கூட இல்லை, காலமோ மூன்றே வாரம். சுவாரசியம் உண்டு; இதை நம்பிக் கடைக்கு ஓட வேண்டாம்.

எலும்பின் கதை இன்னும் சிக்கலானது. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்தி வளர்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதிவிட்டார். அதன் மறுபக்கம் விண்வெளியில் தெரிந்தது. எடையற்ற வெளியில் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை கரைகிறது. 2007 அக்டோபரில் நம் விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சில நாட்களில் திரும்பிவிட்டதால் தப்பித்தார். ஆறு மாதம் தங்குகிறவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். சுமை இல்லாவிட்டால் எலும்பு போகும், சரி. சுமையைக் கூட்டினால் வருமா?

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கிறிஸ்டின் ஸ்னோவின் குழு மாதவிடாய் நின்ற பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000இல் எழுதியது. சட்டை அணிந்து பயிற்சி செய்தவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி நின்ற இடத்தில் நின்றது, செய்யாதவர்களுக்குத் தேய்ந்தது. எடைச்சட்டை விற்பவர்கள் எல்லாரும் காட்டும் ஆதாரம் இதுதான். இரண்டு விஷயங்களை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. மொத்தம் பதினெட்டே பெண்கள். அடுத்தது, அவர்கள் சட்டையோடு உலாவப் போகவில்லை, குதித்தார்கள். 2025இல் வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் வெளியிட்டது இன்னும் பெரிய சோதனை. உடற்பருமன் கொண்ட முதியவர்கள் 150 பேர், பன்னிரண்டு மாதம். எல்லாரும் உணவைக் குறைத்து எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழந்தார்கள். ஒரு பிரிவினர் மட்டும் தினமும் ஏழு மணி நேரம் சட்டை அணிந்தார்கள். உடம்பு இழந்த எடையைச் சட்டைப் பையில் இரும்பாகத் திரும்ப நிரப்பிக்கொண்டார்கள். அழகான யோசனை. எலும்பு ஏமாறவில்லை. சட்டை அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடுப்பெலும்பு ஒரே அளவில்தான் தேய்ந்தது.

ஏன் ஏமாறவில்லை என்பதற்கு ஒரு பறவையின் இறக்கையில் விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1984இல் ரூபினும் லேன்யனும் பறவை ஒன்றின் இறக்கை எலும்பைத் தனிப்படுத்தி, அளவோடு அழுத்தி அழுத்தி விட்டார்கள். ஒரு நாளுக்கு நான்கு முறை அழுத்தினால் எலும்பு தேயாமல் நின்றது. 36 முறை அழுத்தினால் வளர்ந்தது. 360 முறைக்கும் 1800 முறைக்கும் அதற்கு மேல் ஒரு பலனும் இல்லை. 36 அழுத்தங்களுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதன்பின் எலும்புக்குக் காது கேட்பதில்லை. மறுபடி கேட்க வேண்டுமானால் அதை மணிக்கணக்கில் சும்மா விட வேண்டும். எலும்பைத் தட்டுவது அடி, அதிர்வு, திடீரென்று வரும் மாற்றம். நாள் முழுக்க ஒரே சீராகத் தொங்கும் பாரம் அல்ல.

இந்த இடத்தில் எனக்குப் பெரியம்மாவின் நினைவு வராமல் இருக்காது.

பெரியம்மா ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பதினான்கு வயதில் பால் வெட்டப் போனவர். ஐம்பதை நெருங்கும்போது தோட்டம் செம்பனைக்கு மாறியது, நின்றுவிட்டார். விடிவதற்கு முன் பெரட்டு, அதாவது ஆள்கணக்கு. பேர் கொடுத்துவிட்டு நெற்றியில் விளக்கோடு நிரைக்குள் நுழைய வேண்டும். வெயில் ஏறுமுன் குளிர்ச்சியில்தான் மரம் நன்றாகச் சுரக்கும். சில நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் குனிந்தோ அண்ணாந்தோ பட்டையில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து பால் வடியும் மங்குக் கிண்ணத்தைச் சரிசெய்து அடுத்ததற்கு ஓட வேண்டும். அது முடிந்து பசியாறினால் இரண்டாம் சுற்று: மங்கு மங்காகப் பாலை வாளியில் வழித்துச் சேர்த்து, இரண்டு வாளிகளையும் காண்டாக் கம்பின் இரு நுனிகளில் மாட்டி, தோளில் ஏற்றி, மேடு பள்ளம் தாண்டி ஸ்டோருக்கு. மழைக்காலத்தில் சறுக்கும் செம்மண். பால் சிந்தினால் கூலி சிந்தியது என்று அர்த்தம். ஆகவே உடம்பு ஆடக்கூடாது. ஓட்டமும் நடையுமாக, மேல்பாதி அசையாமல் இடுப்புக்குக் கீழே மட்டும் விரையும் ஒரு நடை அந்தப் பெண்களுக்கு வந்துவிடும். பெரியம்மா இப்போதும் சமையலறையிலிருந்து காப்பியைத் தட்டில் எடுத்து வரும்போது அந்த நடைதான்.

ரப்பர் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஸ்டோரில் கணக்குப் பார்க்கும் கிராணி அளந்து பார்ப்பது உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று. கூலிக் கணக்கும் அதை வைத்துத்தான். ஆகத் தோளில் ஏறிய எடையில் மூன்றில் இரண்டு பங்கை அந்தப் பெண்கள் கணக்கில் வராமல் சுமந்தார்கள்.

காண்டாவைப் பற்றி அறிவியல் என்ன சொல்கிறது என்று தேடப்போய் ஒரு பழைய இந்திய ஆய்வு கையில் கிடைத்தது. 1971இல் தத்தாவும் ராமநாதனும் வெளியிட்டது. முப்பது கிலோ சுமையை ஏழு விதமாகத் தூக்க வைத்து, மூச்சையும் நாடித்துடிப்பையும் அளந்தார்கள். தலையில், முதுகுப்பையில், அரிசி மூட்டையாக, நெற்றிப் பட்டையில், காண்டா போல் தோள்கம்பில், இரு கைகளில். ஏழாவது, மார்பில் பாதி முதுகில் பாதி எனப் பிரித்துக் கட்டியது. உடம்புக்கு மிகக் குறைந்த செலவு வைத்தது இந்தக் கடைசி முறைதான். தலைச்சுமை அதற்கு அடுத்து. பட்டியலின் அடியில் கைச்சுமை, அதற்கு ஒரு படி மேலே தோள்கம்பு. இன்றைய எடைச்சட்டையின் வடிவம் அந்த ஆய்வில் முதலிடம் பெற்றதேதான். தோட்டத்துக்குக் கிடைத்ததோ கடைசிக்கு முந்தியது. கம்பு வளைந்து கொடுப்பதால் சுமை இலேசாகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1991இல் ராஜர் கிராம் என்ற ஆய்வாளர் வளையும் கம்புகளை வைத்து அதையும் அளந்தார். தோளில் விழும் அடி குறைகிறது, செலவாகும் ஆற்றல் குறைவதில்லை.

காண்டாவைத் தேர்ந்தெடுத்தது முட்டாள்தனம் என்று சொல்ல வரவில்லை. திரவத்தை மார்பில் கட்ட முடியாது. வாளியைச் சட்டென்று இறக்கி ஏற்ற வேண்டும். குறுகிய நிரையில் நுழைய வேண்டும். வேலைக்கு எது வசதி என்று பார்த்து அமைந்த கருவி அது. உடம்புக்கு எது வசதி என்று யாரும் கேட்கவில்லை.

சுமப்பவர்கள் எல்லாரும் நொறுங்கிப் போகிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. கென்யாவின் லுவோ, கிகுயு பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையிலோ நெற்றிப் பட்டையிலோ சுமந்தாலும் கூடுதல் ஆற்றல் செலவாவதில்லை என்று 1986இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை உலகத்தையே வியக்க வைத்தது. 2005இல் நேபாளச் சுமைதூக்கிகளை அளந்தபோது ஆண்கள் சராசரியாகத் தங்கள் எடையில் 93 சதவீதத்தை நெற்றிப் பட்டையில் சுமந்து நாட்கணக்கில் மலையேறுவது தெரிந்தது. ஜொகூர் பாருவின் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசல்களில் காவலுக்கு நிற்கும் நேபாளிகளைக் கடக்கும்போது எனக்கு அந்த எண் நினைவுக்கு வரும். பின்னர் தென்னாப்பிரிக்கப் பெண்களிடம் சோதித்தவர்கள், அந்த இலவசச் சலுகை எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும் உண்டு என்றார்கள். நேபாளிகளின் முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர்கள் மெதுவாக நடக்கிறார்கள், அடிக்கடி நிற்கிறார்கள். கையிலிருக்கும் கோலைக் கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, சுமையைக் கீழே இறக்காமலேயே நின்று இளைப்பாறுகிறார்கள்.

கோப்பன்ஹேகனிலிருந்து 2021இல் வந்த ஓர் ஆய்வை இங்கே கொண்டுவந்தாக வேண்டும். ஹோல்டர்மன் என்பவரின் குழு 104,046 பேரைச் சுமார் பத்தாண்டு பின்தொடர்ந்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை நன்றாக அசைத்தவர்களுக்கு அகால மரணம் நாற்பது சதவீதம் வரை குறைந்தது. வேலையில் உடம்பை மிக அதிகமாக வருத்தியவர்களுக்கு அது கால் பங்குக்கும் மேல் கூடியது. புகை, மது, படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் மறையவில்லை. கழித்துத் தீராத வறுமை ஏதாவது மிச்சமிருக்கும் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவர்கள் தரும் விளக்கம் தோட்டத்தை அறிந்த யாருக்கும் புதிதாக இருக்காது. பயிற்சி செய்பவர் அரை மணி நேரம் இதயத்தை விரட்டிவிட்டு மீதி நாள் ஓய்வு கொடுக்கிறார். வேலையில் சுமப்பவரின் நாடி எட்டு மணி நேரம் ஏறியபடியே இருக்கிறது. இரத்த அழுத்தமும் அப்படியே. இரவுக்குள் உடம்பு பழுது பார்த்து முடிவதில்லை, மறுநாள் பெரட்டு.

பறவையின் இறக்கையையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். எலும்பு கேட்டது தினம் 36 தட்டல். தோட்டம் கொடுத்தது ஆயிரக்கணக்கில். கூடுதலாகக் கொடுத்ததில் எலும்புக்குச் சேர்ந்தது ஒன்றுமில்லை; மூட்டின் குருத்தெலும்புதான் அதற்குச் செலவானது. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போதுதான் அது ஊட்டத்தை உறிஞ்சிக்கொள்ளும். சுமையோடு குனிவதும் பள்ளத்தில் இறங்குவதும் அதற்கு ஆகாதவை.

தமிழ்நாட்டில் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு செங்குத்துக் கற்கள், மேலே ஒரு படுக்கைக் கல். தலைச்சுமையோடு வருகிறவர் துணைக்கு ஆள் தேடாமல், குனியாமல், அப்படியே நகர்த்தி வைக்கத் தோதான உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டார்கள், இறக்காத அவள் சுமையை ஊர் இறக்கிவைக்கிறது என்ற நம்பிக்கையில். பக்தியும் துக்கமும் அதில் இருக்கட்டும். கட்டுமானமாக மட்டும் பார்த்தாலும் அது உடம்பை அறிந்தவர் வேலை. சுமப்பதில் இல்லை ஆபத்து, தரையிலிருந்து மறுபடி தூக்குவதில்தான். ஜொகூர்த் தோட்டங்களில் கோவில் இருந்தது, பிள்ளை பார்க்கும் ஆயக்கொட்டகை இருந்தது, கள்ளுக்கடை இருந்தது. சுமைதாங்கி நான் பார்த்த எந்தத் தோட்டத்திலும் இல்லை. தோட்டப் பாதையில் நேரம் துரையுடையது.

விரும்பிச் சுமப்பதற்கும் நம்மிடம் வழக்கம் இல்லாமல் இல்லை. இளைஞர்கள் தூக்கிப் பார்க்கும் இளவட்டக் கல் இருந்தது. வடக்கே மல்யுத்தக்காரர்கள் கல்வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்கி எடுப்பார்கள். காமா பயில்வான் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் 95 கிலோ வளையம் ஒன்று பாட்டியாலா விளையாட்டு நிறுவன அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடைச்சட்டையின் பாட்டன் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது காவடி.

தைப்பூசம் ஜொகூரில் பொது விடுமுறை. ஊர்வலத்தில் வரும் பெரிய அலங்காரக் காவடிகளின் சட்டத்தை ஒருமுறை கிட்டே நின்று பாருங்கள். தோளில் பஞ்சு வைத்த வளைவு இருக்கும். ஆனால் கனம் முழுவதும் அங்கே இல்லை, இடுப்பில் அகலமான பட்டை ஒன்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். தோளும் கழுத்தும் அவ்வளவு நேரம் தாங்காது, இடுப்பெலும்பு தாங்கும் என்பது சட்டம் செய்கிறவருக்குத் தெரியும். மலையேறிகளின் முதுகுப்பையிலும் இதே பட்டை உண்டு. எடைச்சட்டைகளில் பெரும்பாலானவற்றில் இல்லை. ஒட்டுப்பட்டை சட்டையை ஆடாமல் பிடிக்குமே தவிர எடையை இடுப்புக்கு இறக்காது. அத்தனை கனமும் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசையில்தான் தொங்கும். இறுக்கிக் கட்டினால் மார்பு விரிய இடமில்லை, மூச்சு மேலோடு நின்றுவிடும். தளர்த்தினால் ஒவ்வொரு அடிக்கும் குதித்து விலாவில் மோதும். பெண் உடம்பை நினைத்துத் தைத்தவை குறைவு. நூற்றுச் சொச்சம் வெள்ளிக்கு வருகிற சீனத் தயாரிப்புகளைவிட நம் ஊர்க் காவடிச் சட்டத்தில் உடற்கூற்றறிவு கூடுதல் என்பது என் தீர்ப்பு. காவடி எடுப்பவர் வாரக்கணக்கில் விரதம் இருந்து ஆண்டுக்கு ஒருமுறை சுமந்து கோவிலில் இறக்கிவிடுகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் நம் ஊர்ப் புழுக்கம். கோத்தன்பர்க்கிலும் வட கரோலினாவிலும் சோதித்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. ஜொகூரில் விடியற்காலை ஈரப்பதம் சர்வசாதாரணமாக 90 சதவீதத்தைத் தாண்டும். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, ஆவியானால்தான் குளிரும். ஈரக்காற்றில் அது ஏற்கெனவே அரைகுறை. அதன்மேல் மார்பையும் முதுகையும் தடித்த நைலானால் போர்த்தினால் குளிர்விக்கும் பரப்பில் கணிசமான பகுதி போய்விடும். லம்பாக் பாதி உயரத்தில் முகம் சிவந்து, பேச்சுக் குழறி, பாறையில் உட்கார்ந்துவிட்ட ஒருவரை நாலு பேர் சேர்ந்து சட்டையைக் கழற்றி விசிறியதைப் பார்த்திருக்கிறேன். ஏறும்போது நெஞ்சு வாங்குகிறது என்றால் இறங்கும்போது முட்டி வாங்குகிறது. வேர்களும் ஈரப்பாறையுமான பாதையில் ஆறு கிலோ மேல்பாரம் நிலைகுலைய வைக்கவும் போதும். மலைக்கு அதை அணிந்து வருவது தேவையில்லாத வேலை என்று தோழிகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மலையே சுமைதான்.

அணிந்துதான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு என் கருத்து இது. உடல் எடையில் இருபதில் ஒரு பங்கோடு தொடங்கினால் போதும், அறுபது கிலோக்காரருக்கு மூன்று கிலோ. பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சமதரை, நிழல், இருபது நிமிடம், வாரத்தில் இரண்டு மூன்று நாள். எலும்புக்காக என்றால் நடையைவிடப் படிக்கட்டு ஏறுவதும், மூட்டு இடம் கொடுத்தால் சின்னக் குதிப்புகளும், எல்லாவற்றையும்விட எடை தூக்கும் பயிற்சியும் மேல். முதுகெலும்பில் ஏற்கெனவே முறிவு உள்ளவர்கள், எலும்பு மிகவும் நலிந்தவர்கள், கர்ப்பிணிகள், கருப்பை இறக்கம் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் தொடவே வேண்டாம். அடி முதுகும் கழுத்தும் அடிக்கடி வலிப்பவர்கள் மருத்துவரையோ இயன்முறை சிகிச்சையாளரையோ கேட்காமல் வாங்க வேண்டாம். நான் வைத்திருப்பதை வாரம் இருமுறை வீட்டு மாடிப்படியில் மட்டும் அணிகிறேன். நன்மை உண்டா என்றால், உண்டு: தொடையில் பலம் கூடியிருக்கிறது, நிமிர்ந்து நிற்கிறேன். எலும்பைப் பற்றி அது எந்த வாக்குறுதியும் தரவில்லை, விற்றவர்கள்தான் தந்தார்கள்.

பெரியம்மா அதை முதலில் பார்த்தபோது நாற்காலியில் கிடந்ததை ஒரு கையால் தூக்கி எடை பார்த்தார்.

"என்னா இது, உள்ள கல்லு வெச்சிருக்கா?"

"இரும்பு பெரியம்மா. போட்டுக்கிட்டு நடக்கறது. எலும்புக்கு நல்லதாம்."

"எவ்வளோ?"

"நூத்திமுப்பது வெள்ளி."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாளி எங்க மாட்டறது?"

வீடே சிரித்தது, அவரும் சிரித்தார். நான் அப்போதுதான் அவர் முட்டியைப் பற்றிக் கேட்டேன். இரண்டு முட்டியும் வளைந்து, கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாமல், வலது தோளில் கம்பு அழுந்திய இடத்தில் தோல் தடித்துக் கறுத்து இருக்கிறார். ஆனால் இரண்டு முறை குளியலறையில் வழுக்கி விழுந்தும் அவருக்கு இடுப்பு உடையவில்லை. அவர் வயதில், அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தோழியின் தாயாருக்கு ஒரே விழுதலில் உடைந்தது. இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனாலும் கேள்வி விடுவதாக இல்லை. பதின்வயதில், எலும்பு கட்டும் காலத்தில் ஏற்றிய சுமை ஒருவேளை வாழ்நாளுக்கும் முதலாக இருந்துவிட்டதா? முப்பது வயதுக்குப் பின் சுமந்தது மட்டும்தான் முட்டியின் கணக்கில் எழுதப்பட்டதா?

இதை அளந்து பார்க்க இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. குளுவாங், லாயாங் லாயாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட், கோத்தா திங்கி என்று ஜொகூர் முழுக்க, 1960களிலும் 70களிலும் காண்டா சுமந்த பெண்கள் எழுபது எண்பது வயதில் மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் இருக்கிறார்கள். 1990 வாக்கில் தாய்லாந்து ரப்பரில் மலேசியாவை முந்திக்கொண்டது, இங்கே தோட்டங்கள் செம்பனையாயின, பின் வீடமைப்புத் திட்டங்களாயின. அவர்களுக்குப் பின் அந்தக் கம்பைத் தோளில் வைத்த தலைமுறை இல்லை. எலும்பு அடர்த்தி பார்க்கும் கருவியில் படுத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், வலி இல்லை, மிகக் குறைந்த எக்ஸ்ரே. ஒரு பல்கலைக்கழகமும் சில மருத்துவமனைகளும் மனம் வைத்தால் சில நூறு பேரை அளந்துவிடலாம். அதே வயதில், அதே இனத்தில், சுமக்காத பெண்களோடு ஒப்பிடலாம். தோள், முட்டி, இடுப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். பதினெட்டு அமெரிக்கப் பெண்களை வைத்து உலகம் முழுக்கச் சட்டை விற்கும்போது இது ஒன்றும் அதிகப்படியான ஆசை இல்லை.

பெரியம்மாவிடம் இதை விளக்கிச் சொன்னேன். ஆராய்ச்சிக்கு வருவீர்களா என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வரேன், அதுக்கென்னா. கார்ல தானே கூட்டிக்கிட்டுப் போவே?" என்றார். "எலும்ப அளக்கற மிசினு கெடக்கட்டும்மா. இந்த முட்டிவலிக்கு அங்க ஏதாச்சும் மிசினு இருக்கான்னு அதையும் கேட்டு வை."